முன்னால் நின்றவன்

பெல்ட்டைப் போட்டு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார் தணிகாசலம். இறுகியிருந்தது. இன்னொரு தரம் இழுக்கக் கை போயிற்று. வேண்டாமென்று அதைத் தொடையில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் அவர். கோமதி அதைச் சொல்லிச் சிரித்தே கால் நூற்றாண்டுக் குடித்தனத்தை ஓட்டிவிட்டாள். ஆனால் இந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு அதெல்லாம் செய்யக் கூடாது. கம்பெனியில் இதற்கு மாப்பிள்ளை சீட் என்று பேர். ஹேங்கர் கொட்டகையில் ஒரு விமானத்தைப் பிரித்துப் போட்டுப் பெரிய வேலை செய்து முடித்து, அது மறுபடி ஜனங்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற முதல் தடவை, கடைசிக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் அதிலேயே ஏறிப் போய்விட்டு வர வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். முன்பு சீஃப் ஆக இருந்த வரதாச்சாரி ஆரம்பித்து வைத்தது. 'உன் கையெழுத்து மேல பறக்கறச்சே நீ கீழ நின்னுண்டு டீ குடிக்கப்படாது' என்பார். அவர் ரிட்டயராகிப் பதினோரு வருஷம் ஆகிறது. வழக்கம் மட்டும் ரிட்டயராகவில்லை. இறக்கை தெரிகிற ஜன்னலாகப் பார்த்து சீட் போட்டு, கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்து, கேலி பண்ணி அனுப்பி வைப்பார்கள். இதற்கு முன் பதினான்கு தரம் மாப்பிள்ளையாகப் போயிருக்கிறார். பதினான்கு தரமும் சக்கரம் உருளும் முன்பே தூங்கிவிட்டார். இன்றைக்கும் தூங்கத்தான் கண்ணை மூடினார். மத்தியானம் இரண்டரை மணி, வயிற்றில் கேன்டீன் சாம்பார் சாதம், கோயம்புத்தூர் போய் இறங்க ஒரு மணி நேரம். தூங்குவதற்கு என்ன குறை. ஆனால் மூடிய கண்ணுக்குள் ஏதோ ஒன்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது என்னவென்று பார்க்க அவருக்கு இஷ்டமில்லை.

நடு சீட்டில் சென்னியப்பன் என்று ஒருவர். பேர், ஊர், தொழில் எல்லாம் அவரே சொல்லிவிட்டார். சென்னிமலையில் தறி வைத்திருக்கிறார், போர்வை நெய்கிறார், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறுகிறார். அந்தப் பக்க ஓரத்தில் அவர் மனைவி ருக்குமணி. தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப், அதன் விளிம்பில் அப்போதுதான் முளைத்து வருகிற முடி. அந்த அம்மாள் முன் சீட்டின் முதுகில் ஒட்டியிருந்த அவசர வழிப் படத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆறு மாசமுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ரயில்ல வந்து வைத்தியம் பாத்தமுங்க. காலைலதான் டாக்டரு சொல்லிப் போட்டாரு, இனி வர வேண்டாம், சந்தோசமாப் போயிட்டு வாங்கன்னு. சரி, இவளை ஒருக்கா ஏரோப்பிளேன்ல கூட்டிட்டுப் போலாம்னு..." என்று இழுத்தார் சென்னியப்பன். நல்லதுங்க, நல்லதுங்க என்றார் தணிகாசலம். "ரெண்டாவதா ஒரு பெரிய டாக்டரு பாத்தாருங்க. மொத டாக்டரு எழுதுன பேப்பரை நீட்டுனேன், கையில வாங்கவே இல்லீங்க. நானே பாத்துக்கறேன்னு மொதல்ல இருந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தானுங்க கையெழுத்துப் போட்டாரு. மனுசன்னா அவருதானுங்க." தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த டாக்டரைப் பற்றியோ எவரோ சொன்னதற்கு ஏன் தன் காது சூடாக வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்துகொண்டார்.

விமானத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். என்ஜின் ஓடத் தொடங்கியது, ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது. அப்போதுதான் இறக்கையில் அது அசைந்தது. இறக்கையின் நுனிப் பக்கம், பின் ஓரத்தில், கீல் வைத்த கதவு மாதிரி ஒரு பலகை. அய்லரான். பைலட் கையிலிருக்கிற வீலை இடது பக்கம் திருப்பினால் இடது இறக்கைப் பலகை மேலே எழும்பும், வலது இறக்கைப் பலகை கீழே இறங்கும், விமானம் இடது பக்கம் சாயும். வலது பக்கம் திருப்பினால் எல்லாம் மாறி நடக்கும். அவ்வளவுதான் சங்கதி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இது பழைய ரக விமானம், வீலுக்கும் பலகைக்கும் நடுவில் கம்பிக் கயிறுதான் ஓடுகிறது. அந்தக் கயிறுகளை முழுக்க மாற்றியதுதான் இந்தத் தடவை செய்த பெரிய வேலை. கிளம்பும் முன் பைலட் வீலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பது வழக்கம். திருப்பினார்கள். தணிகாசலத்தின் ஜன்னலுக்கு வெளியே பலகை எழும்பியது, நின்றது, இறங்கியது, நின்றது, நேரானது. வழுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், நேர்த்தியாக. நல்ல வேலை என்று மனசு ஒரு சபாஷ் போட்டது. போட்ட கையோடு இன்னொன்றையும் கேட்டது: எழும்பியதே, அப்போது உள்ளே வீலை எந்தப் பக்கம் திருப்பினார்கள்? தெரியாது. அவருக்கு இங்கிருந்து வீல் தெரியாது. பைலட்டுக்கு அங்கிருந்து பலகை தெரியாது. வீலையும் பலகையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடிவது ஹேங்கரில் ஒரே ஒரு தரம்தான். உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வெளியே ஒருத்தன் நின்று பார்ப்பான். வெளியே நின்று பார்த்தவன் தணிகாசலம். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றோம்?

இதென்ன கேள்வி, பின்னால்தான். எப்போதும் பின்னால்தான். வாலுக்குப் பின்னே தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது, அதற்குள் நின்று விமானம் பார்க்கிற திசையையே பார்த்தால் விமானத்தின் இடது கையும் தன் இடது கையும் ஒரே பக்கம், குழப்பமில்லை. இருபத்தேழு வருஷத்தில் அந்த வட்டத்தை மிதித்து மிதித்தே பெயின்ட் தேய்ந்துவிட்டது. அன்றைக்கும் அங்கேதான் நின்றிருப்பார். நின்றிருப்பார் என்று சொல்கிறோமே, நின்றார் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? மழை. அன்றைக்கு மழை. ஹேங்கர் கூரை பின்பக்கம் ஒழுகும், தண்ணீர் சரியாக அந்த வட்டத்தில் வந்து தேங்கும். ஆனால் மழை பெய்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா? கேபிளைச் சோதித்தது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை ராத்திரி பெய்த தண்ணீர் புதன்கிழமை வடிந்திருக்கும். கூட்டித் தள்ளியிருப்பார்கள். தள்ளியிருப்பார்களா? துடைப்பம் போடும் ஆள் புதன்கிழமை வரவில்லையென்று எவனோ கத்தினானே, அது இந்தப் புதன்கிழமையா? ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றது ஞாபகமிருக்கிறது. அதன் வயர் காலில் சுற்றியது ஞாபகமிருக்கிறது. உள்ளே வீலைப் பிடித்து உட்கார்ந்திருந்த க்ளெமென்ட் குரல் காதுக்குள் 'லெஃப்ட்' என்றது ஞாபகமிருக்கிறது. தன் இடது கைப் பக்கம் பலகை எழும்பியது, தான் 'ஓகே' என்றது, அவன் 'ரைட்' என்றது, வலது கைப் பக்கம் எழும்பியது, தான் 'ஓகே' என்றது. சரிதானே? இடது என்றால் இடது, வலது என்றால் வலது. பின்னால் நின்றிருந்தால் எல்லாம் சரி. முன்னால் நின்று மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், தன் இடது கைப் பக்கம் இருப்பது விமானத்தின் வலது இறக்கை. லெஃப்ட் என்றபோது எழும்பியது வலது இறக்கைப் பலகை. கயிறு இடம் மாறி மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பின்னால்தான் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்க முடியுமா?

நிம்மதியாகவா போட்டார்? அதுவும் பொய். ஓகே என்று சொல்லும்போதே எங்கேயோ ஒரு உறுத்தல், செருப்புக்குள் மணல் போன மாதிரி. இன்னொரு தரம் திருப்பச் சொல்லலாமா என்று தோன்றியது. க்ளெமென்ட், ஒன்ஸ் மோர். இரண்டே வார்த்தை. ஆனால் க்ளெமென்ட்டிடம் அவர் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்கு வேண்டிய சொல் மட்டும்தான் இருவருக்கும் நடுவில். லெஃப்ட், ரைட், ஓகே. முன்பெல்லாம் வெளியே நிற்பவன் 'இடது மேலே, வலது கீழே' என்று கண்டதை முழுசாகச் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டு மாதத்தில் அது ஓகேயாகச் சுருங்கிவிட்டது. இருபது வருஷம் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்ட இரண்டு பேர். எட்டு மாதத்துக்கு முன்பு க்ளெமென்ட் மகளுக்குக் கல்யாண ரிசப்ஷன், பெரம்பூரில். தணிகாசலம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோமதியோடு போனார். மேடையில் க்ளெமென்ட் அவர் தோளில் கை போட்டு சம்பந்தி வீட்டாரிடம், "இவர்தான் எங்க சந்தேகாசலம், தெரியுமா? ஒரு தடவை நூத்தைம்பது பேரோட பிளைட்டையே நிறுத்திட்டாரு. என்னாடான்னு பாத்தா, சாப்பாட்டு டிராலி சக்கரம் கிரீச்சுன்னுச்சாம்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் சிரித்தான். கோமதிகூடச் சிரித்தாள், அதுதான் தாங்கவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டார். அந்த டிராலி விவகாரம் நடந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்பு, சத்தம் கேட்டதும் நிஜம், நிறுத்தியதும் நிஜம், டிராலி என்பதும் நிஜம். அதற்கப்புறம் கேன்டீனில் டீக்குச் சர்க்கரை போட்டால்கூட, 'சர்க்கரைதானா, நல்லாப் பாரு சலம்' என்பார்கள். ரிசப்ஷன் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவர் ஒரு வைராக்கியம் பண்ணிக்கொண்டார்: இனி செத்தாலும் சந்தேகம் என்று வாயைத் திறப்பதில்லை. ஆகவே ஒன்ஸ் மோர் சொல்லவில்லை. ஹெட்செட்டைக் கழற்றினார். கண்ணாடி வழியாக க்ளெமென்ட் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பல் தெரிந்தது, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக லேசாகச் சிரித்தான், தணிகாசலம் பார்க்காத மாதிரி குனிந்து வயரைச் சுருட்டினார்.

பல் தெரிந்தது.

பல் எப்படித் தெரிந்தது? க்ளெமென்ட் உட்கார்ந்திருந்தது பைலட் சீட்டில். பைலட் அறையின் கண்ணாடி விமானத்தின் மூக்கில் இருக்கிறது. வாலுக்குப் பின்னால் மஞ்சள் வட்டத்தில் நிற்பவனுக்கு அது தெரியாது, முப்பது மீட்டர் உலோகத்தைத் துளைத்துப் பார்க்கிற கண் எவனுக்கும் கிடையாது. முன்னால் நின்றிருக்கிறார். வட்டத்தில் தண்ணீர் நின்றது, ஷூ நனையுமென்று முன்பக்கம் போய் நின்றிருக்கிறார். சரி, நின்றார், அதனால் என்ன? முன்னால் நின்றால் மாற்றிக் கணக்குப் பண்ண வேண்டுமென்று தெரியாதா அவருக்கு? மனசு தானாக மாற்றிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் பார்த்துத் தலை வாருகிறவன் வகிடை மாற்றியா எடுக்கிறான்? மாற்றித்தான் பார்த்திருப்பார். அப்படியானால் ஞாபகத்தில் ஏன் இடது என்றால் இடது கை என்று நிற்கிறது? ஞாபகம்தான் மாற்றிக்கொண்டதோ என்னவோ. விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது, ரன்வேக்குப் போகிற டாக்சிவே பாதையின் ஓரத்துப் புல் காற்றில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது, இரண்டு நாளைக்கு முன் கரையைக் கடந்த புயலின் மிச்சக் காற்று. அவர் கை மேலே போயிற்று. ஆளைக் கூப்பிட மனிதத் தலைப் படம் போட்டு வைத்திருந்த பட்டனை அமுக்கிவிட்டார். டிங்கென்று சத்தம் கேட்டதும் தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். பெனிட்டா என்று பேர் குத்தியிருந்த ஏர்ஹோஸ்டஸ் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லுங்க சார்."

சொல்லலாம். என்ன சொல்வது? அம்மா, நான் கம்பெனி இன்ஜினியர், முன்னால் நின்றேனா பின்னால் நின்றேனா தெரியவில்லை, விமானத்தை நிறுத்துங்கள். எத்தனை பேர் இருப்பார்கள், நூற்றெழுபது பேர். திரும்பிப் போய் நிற்கும். ஏணியை வைத்து ஏறுவார்கள். க்ளெமென்ட்தான் வருவான். சோதிப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். 'என்ன சலம், இந்தத் தரம் எந்த டிராலி?' சரியாக இல்லாவிட்டால் அதைவிட மோசம். லைசென்ஸ் போகும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டான் என்று விசாரணை நடக்கும். தப்பில்லையென்றால் சிரிப்பார்கள், தப்பென்றால் முகத்தில் துப்புவார்கள். பெனிட்டா புன்னகையோடு காத்திருந்தாள்.

"இல்ல... மேல பெட்டி வெக்கற கதவு சரியா மூடியிருக்கான்னு..."

அவள் எட்டி ஒரு தட்டுத் தட்டினாள். "மூடியிருக்கு சார். கவலைப்படாதீங்க" என்று போனாள். "நம்மளவிட இவரு ரொம்பப் பயந்தவராட்டம் இருக்குதே" என்று சென்னியப்பன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, புருஷனைத் தாண்டி, தணிகாசலத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஆறு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர்களின் முகத்தைப் படித்துப் பழகிய பார்வை. அவர் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

முன்னே இரண்டு விமானங்கள் நின்றன. ஒன்று போயிற்று. ரன்வே ஓரத்தில் காற்றுப்பை தெரிந்தது, ஆரஞ்சும் வெள்ளையுமாக, விறைத்துப் போய்க் கிடந்தது. கிளம்பப்போவது கிழக்கு பார்த்து. காற்று வடக்கிலிருந்து, அதாவது இடது பக்கத்திலிருந்து, அதாவது தன் ஜன்னல் பக்கத்திலிருந்து. இதை நினைத்ததும் தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால் இப்போது அவரால் தெரிந்துகொள்ள முடியும். பக்கவாட்டில் காற்றடித்தால் பைலட் ஓட்டத்தின்போது வீலைக் காற்று வருகிற பக்கம் திருப்பிப் பிடிப்பார். இடது பக்கக் காற்று, இடது பக்கம் திருப்புவார். இடது இறக்கைப் பலகை, இதோ கண்ணெதிரே இருக்கிற பலகை, மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் கட்டை விரல் காட்டிய க்ளெமென்ட்டும் பிழைத்தான், நாமும் பிழைத்தோம், கோயம்புத்தூரில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அவனுக்கு போன் பண்ணிவிடலாம். ஆமாம், பண்ணிவிடலாம், எட்டு மாதம் போதும், போன் பண்ணி மகள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டுவிடலாம். இறங்கினால்... இறங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போது பார்க்க என்ன நேரம் இருக்கும், முப்பது விநாடி இருக்குமா என்று உள்ளே ஒருவன் கேட்டான். அவனைப் பேச விடாமல் அவர் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டார். விமானம் திரும்பி ரன்வேயில் நேராக நின்றது. அடுத்த நிமிஷமே என்ஜின் சத்தம் எகிறி, முதுகு சீட்டில் அழுந்தியது.

பலகை நேராக இருந்தது. புல் ஓடியது, விளக்குக் கம்பங்கள் ஓடின, பலகை நேராகவே இருந்தது. சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், தறி அடித்துக் காய்ப்பேறிய கை. காற்று ஒரு தரம் வந்து மோதியது, ஜன்னல் பக்கம் லேசாகத் தூக்கியது, இதோ இப்போது திருப்புவார், இடது பக்கம் திருப்புவார், எழும்பு, எழும்பு, தாயே எழும்பு. பலகை கீழே இறங்கியது. இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. தணிகாசலம் அதைப் பார்த்தார். ஒளிவுமறைவில்லாமல், பட்டப்பகலில், இரண்டு கண்ணாலும் பார்த்தார். இடது இறக்கை இன்னும் தூக்கியது, அடக்குவதற்கு இன்னும் திருப்பியிருப்பார்கள், பலகை இன்னும் இறங்கியது, இறக்கை இன்னும் தூக்கியது. கத்த வேண்டும். நிறுத்து என்று ஒரு வார்த்தை. கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தார், அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தார், பின்னால் எத்தனை வருஷம் ஆனாலும் இதை எவரிடமும் சொல்ல முடியாது, சாகப்போகிற நூற்றெழுபது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஒரு மனுஷன் வெட்கப்பட்டான். சக்கரங்கள் ஒரு பக்கம் தரையை விட்டுக் குதித்து விழுந்தன, எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது, தலைக்கு மேலே ஒரு கதவு திறந்து பை விழுந்தது. சட்டென்று என்ஜின் சத்தம் மாறி, பெல்ட் வயிற்றில் வெட்டி, எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். விமானம் குலுங்கிக் குலுங்கி நின்றது.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தணிகாசலத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். பைலட் கண்டுபிடித்துவிட்டார். தான் ஒன்றும் சொல்லாமலே முடிந்தது. இனி இழுத்துக்கொண்டு போவார்கள், திறந்து பார்ப்பார்கள், கயிறு மாறியிருப்பது தெரியும், தன் தலை உருளும், உருளட்டும், நன்றாக உருளட்டும். "என்னாச்சுங்க?" என்றார் சென்னியப்பன். உதடு வெளுத்திருந்தது. "காத்துங்க. பக்கக் காத்து" என்றார் தணிகாசலம். சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. அவ்வளவு சரளமாக வந்துவிட்டது. ருக்குமணி மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்பீக்கர் கரகரத்தது. கேப்டன் ஒரு பெண், சின்னக் குரல், பதற்றத்தை அமுக்கிக்கொண்டு நிதானமாகப் பேசினாள். பலத்த பக்கக் காற்றினால் புறப்பாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று, எல்லோரும் சிரமத்துக்கு மன்னிக்கவும், காற்று சற்றுத் தணிந்திருப்பதாகக் கட்டுப்பாட்டு அறை சொல்கிறது, பிரேக் சூடு ஆறியதும் சுமார் கால் மணி நேரத்தில் மறுபடி முயற்சி செய்வோம்.

மறுபடியா? தணிகாசலம் அந்த வார்த்தையைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. அவளும் காற்று என்றுதான் நினைத்திருக்கிறாள். தன் கைதான் சரியில்லை, இன்னும் பலமாகத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். இந்தத் தரம் அப்படித்தான் பிடிப்பாள். நல்ல பைலட் அப்படித்தான் செய்வாள். அவளுக்குத் தெரிந்த பாடம் அது, அந்தப் பாடம்தான் கவிழ்க்கப் போகிறது. யாராவது சொல்வார்கள். யார் சொல்வார்கள்? கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. க்ளெமென்ட்டுக்குத் தெரியாது, அவன் இப்போது கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பான், அவனுக்கு ஓகே என்று சொன்னவன் தணிகாசலம். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவன் பத்தொன்பதாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து முருகா முருகா என்கிறான். நிறுத்துமிடத்துக்குத் திரும்பினாலும் திரும்பும், பிரேக் சூட்டைப் பார்க்க ஆள் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். பொறுத்தார். ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று, கைக்கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை, சென்னியப்பன் மகனுக்கு போன் போட்டு, "ஒண்ணுமில்ல சாமி, காத்துதான், பக்கத்துல ஒரு சாரு சொல்றாரு, வெவரமானவரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் அசைந்தது. டாக்சிவே முனையில் வலது பக்கம் போனால் நிறுத்துமிடம், இடது பக்கம் போனால் ரன்வேயின் தொடக்கம். வலது, வலது என்று அவர் உதடு முணுமுணுத்தது. இடது பக்கம் திரும்பியது.

தணிகாசலம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். தலை மேலே இடித்தது. "ஏனுங்க, வண்டி நகருதுங்க, உக்காருங்க" என்று சென்னியப்பன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார்! உக்காருங்க! உடனே உக்காருங்க சார்!" என்று பின்னாலிருந்து பெனிட்டா கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயந்தது போலவே எல்லோரும், வரிசை வரிசையாக, எழும்பி எழும்பிப் பார்த்தார்கள். குரல் வந்தபோது அது அவருக்கே யாருடையதோ என்றிருந்தது.

"நான் இந்தக் கம்பெனி இன்ஜினியர், தணிகாசலம். அய்லரான் கேபிள் மாத்தி மாட்டியிருக்கு. இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் சாயும். கேப்டன் கிட்டச் சொல்லும்மா, காத்து இல்ல, அவங்க தப்பு இல்ல. நான்தான் செக் பண்ணேன். முன்னாடி நின்னு பாத்துட்டேன், தப்பாப் பாத்துட்டேன். கிளம்பக் கூடாது. நிறுத்தச் சொல்லு, முதல்ல நிறுத்தச் சொல்லு."

பெனிட்டா அவரை ஒரு விநாடி உற்றுப் பார்த்தாள். குடித்திருக்கிறாரா, புத்தி பிசகா என்று பார்க்கிற பார்வை. பிறகு சுவரில் இருந்த போனை எடுத்து முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள். விமானம் இன்னும் கொஞ்ச தூரம் ஊர்ந்தது. நின்றது. என்ஜின் சத்தம் இறங்கி இறங்கி, கடைசியில் அதுவும் நின்றது. காற்று இறக்கையில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவனோ முன் வரிசையில் கெட்ட வார்த்தை சொன்னான். எவரோ படம் எடுத்தார்கள். தணிகாசலம் நின்றுகொண்டே இருந்தார். சென்னியப்பனின் கை அவர் சட்டையை இன்னும் பிடித்திருந்தது, பிடித்தவருக்கு விடத் தோன்றவில்லை, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ருக்குமணி அப்போதுதான் பேசினாள். மெல்லிய குரல், கோபமே இல்லாத குரல்.

"மொத தடவ ஓடுனப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சந்தேகம்தான் இருந்தது என்று சொல்லலாம். உறுதியில்லை என்று சொல்லலாம். நாளைக்கு விசாரணையில் அப்படித்தான் சொல்லப் போகிறார், அதற்கான வார்த்தைகள் ஏற்கெனவே மனசில் அடுக்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் காத்திருந்தாள்.

"தெரியும்மா" என்றார் தணிகாசலம்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து, தன் புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவர் கையை தணிகாசலத்தின் சட்டையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.